நாயகியின் சந்தேகத்தை யார் சொல்வது? டிஸ்டோபியா இளையோர் நாவலுக்கு நான்கு சொல்முறைகள்

மதில் எழுப்பியாகிவிட்டது. ரேஷன் அட்டை, ஊரடங்கு மணி, காணாமல்போகும் மனிதர்கள் எல்லாம் தயார். நாயகிக்குப் பதினாறு வயது. அவள் ஓடியாக வேண்டும், ஓடுவதற்கு முன் தயங்கவும் வேண்டும். இளையோருக்கான டிஸ்டோபியா நாவலை, அதாவது ஒடுக்குமுறையோ பேரழிவோ பீடித்த கற்பனை உலகத்தின் கதையை, தொடங்கியவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை ‘நான்’ என்று எழுதுவதா, ‘அவள்’ என்று எழுதுவதா? நடந்துகொண்டிருப்பதாகவா, நடந்து முடிந்ததாகவா? அல்லது நாட்குறிப்பாகவா? தேர்வு பிசகினால் நல்ல கதையும் நூறு பக்கத்துக்குள் அலுத்துவிடும். நடுவில் மாற்றலாம் என்று நினைத்தால், தமிழில் அது ஒவ்வொரு வினைமுற்றையும் திருத்தும் வேலை. அதனால் முதலிலேயே எடை போட்டுவிடுவது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது

இந்த வகைக் கதையில் சந்தேகம் வெறும் மனநிலை இல்லை, ஒரு செலவு. நாயகி தயங்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தண்ணீரோ, இருட்டோ, கூட்டாளியின் நம்பிக்கையோ குறைய வேண்டும். குறையாவிட்டால் அது தயக்கமாகத் தெரியாது, புலம்பலாகத்தான் தெரியும். எனவே ஒவ்வொரு சொல்முறையிடமும் இந்த ஐந்தைக் கேட்க வேண்டும்:

1. சந்தேகம் பிறக்கும் நொடியிலேயே வாசகருக்குத் தெரிகிறதா?
2. நாயகி தப்பாக நினைக்கும்போது, அது தப்பு என்று வாசகர் ஊகிக்க இடம் இருக்கிறதா?
3. அவள் உயிர் பிழைப்பாளா என்ற பயம் கடைசிவரை நிற்குமா?
4. அவளுக்குப் பழகிப்போன உலகத்தை, அதை அறியாத வாசகருக்குச் சொல்ல வழி உண்டா?
5. தமிழின் வினைமுற்றும் பேச்சுவழக்கும் ஒத்துழைக்குமா?

ஐந்தாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஆங்கிலத்தில் படித்துப் பிடித்துப்போன சொல்முறையை அப்படியே தமிழில் எடுப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

நான்கையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்ப்போம். கயல், அவள் தம்பி, வழியில் சேர்ந்துகொண்ட மாறன். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். குடிக்கவும் உணவுக்கும் மட்டுமே ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வேண்டும் என்பது பேரிடர் நிவாரணக் கணக்கு. ஆகவே இந்த ஒரு லிட்டர் எத்தனை சின்னது என்று பாருங்கள். படுக்கும் முன் கயல் பாட்டிலில் கரிக்கோடு போட்டுவைத்தாள். விடிந்ததும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கிறது.

## 1. தன்மை, நிகழ்காலம்: ‘நான் பார்க்கிறேன்’

> கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை. மூடியைத் திருகிப் பார்க்கிறேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது. தம்பி உதடு வெடித்துக் கிடக்கிறான். மாறன் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறான். தூங்குகிறானா? ராத்திரி கனவில் தண்ணீர் குடித்தேன். கனவுதானா?

சந்தேகம் இங்கே மாறனிடம் தொடங்கி இரண்டே வரியில் அவள் மேலேயே திரும்பிவிடுகிறது. இந்த வேகம் வேறு எந்த முறைக்கும் எளிதில் வாய்க்காது. நாயகிக்கு அடுத்த நொடி தெரியாது, வாசகருக்கும் தெரியாது. உயிர்ப்பயமும் முழுசாக நிற்கும்.

சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) இந்த முறையில் எழுதப்பட்டதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. இருபத்துநான்கு பேர் கொல்லப்பட அல்லது கொல்ல அனுப்பப்படும் களத்தில், நாயகி காட்னிஸைக் கேமராக்கள் விடாமல் பார்க்கின்றன. அவள் முகம் நடிக்க வேண்டும், மனம் வேறொன்று நினைக்க வேண்டும். அவளோடு களத்தில் இருக்கும் பீட்டாவின் காதல் உண்மையா, பார்வையாளர்களுக்கான நாடகமா என்று அவளால் தீர்மானிக்க முடிவதில்லை. குகையில் அவள் அவனுக்கு முத்தம் கொடுத்ததும் வெளியே ஒரு பாத்திரத்தில் சூப் வந்து இறங்குகிறது. இன்னும் நடி, இன்னும் கிடைக்கும் என்று வழிகாட்டி சொல்வதாக அவள் அதைப் புரிந்துகொள்கிறாள். சந்தேகத்துக்கு உணவு விலையாகக் கட்டப்பட்ட இடம் அது. வெளியே தெரியும் முகத்தையே நம்ப முடியாத கதையில் உள்ளே இருந்து சொல்வதுதான் பொருத்தம். 2012இல் வந்த திரைப்படத்தில் அவளுடைய மனக்குரல் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப விளையாட்டை நடத்துபவர்களின் கட்டுப்பாட்டு அறையைக் காட்ட வேண்டியிருந்தது. நாவலில் அவள் ஊகிக்க மட்டுமே முடிந்ததைப் படம் நேரே காட்டிவிட்டதால், அவள் சந்தேகத்தின் எடை அங்கே குறைந்துதான் போகிறது.

இனி மறைவான செலவுகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலாவது வினைமுற்று. நடக்கிறேன், நிற்கிறேன், பார்க்கிறேன், மூச்சு வாங்குகிறேன். ஒரு பக்கத்தில் இருபது ‘-கிறேன்’ வந்தால் காது வலிக்கும். ஆங்கில நிகழ்காலத்துக்கு இந்தச் சுமை இல்லை, ஏனென்றால் அங்கே வினை வாக்கியத்தின் நடுவில் கரைந்துவிடும். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வந்து மணி அடிக்கும். இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது: காலம் காட்டாத சொற்கள். இல்லை, வேண்டாம், தெரியாது, முடியாது, போதாது. ‘சத்தம் இல்லை. திரும்பிப் போக முடியாது. தண்ணீர் போதாது.’ பெயர்ச்சொல்லில் முடியும் துண்டு வாக்கியங்களும் உதவும். ஒரு பத்தியில் ‘-கிறேன்’ நான்கைத் தாண்டினால் அந்தப் பத்தியைத் திருப்பி எழுதுங்கள்.

இரண்டாவது, குரல். பதினாறு வயதுப் பெண் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று நினைப்பாளா, ‘பயமா இருக்கு’ என்று நினைப்பாளா? முன்னது பாடநூல் வாடை அடிக்கும். பின்னதில் முந்நூறு பக்கம் எழுதினால் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி வரும். கற்பனை நகரத்துக்கு மதுரைப் பேச்சைக் கொடுப்பதா, கோவைப் பேச்சையா? தன்மையில் எழுதுபவர் இந்த முடிவைத் தள்ளிப்போடவே முடியாது.

மூன்றாவது, உலக விளக்கம். தினமும் பார்க்கும் மதிலைக் கயல் விவரிக்க மாட்டாள். விவரித்தால் வாசகருக்காகச் சொல்கிறாள் என்று உடனே தெரிந்துவிடும். ஏதாவது பழுதாகும்போது மட்டும் சொல்வதே வழி. மதிலின் விளக்கு ஒருநாள் எரியாதபோதுதான் அது தினமும் எரிந்தது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

நான்காவது, நாயகி மயங்கினால் கதையும் மயங்கும். அவள் இல்லாத இடத்தில் நடப்பது எதையும் காட்ட முடியாது. ‘கண்விழித்தபோது வெள்ளைக் கூரை’ என்ற தொடக்கம் ஒரு நாவலில் ஒருமுறைக்கு மேல் வந்தால் அது ஆசிரியரின் திணறல்.

எப்போது எடுக்கலாம்? கதை நிகழும் காலம் சில நாட்களோ ஓரிரு வாரங்களோ என்றால். நாயகி தன் முகத்தை மறைத்தே வாழ வேண்டிய நிலை என்றால். கூட்டாளிகளில் ஒருவர் துரோகி என்பது கதையின் மையம் என்றால்.

## 2. தன்மை, இறந்தகாலம்: ‘அன்று நான் பார்த்தேன்’

> அன்று காலை நான் மாறனைத்தான் சந்தேகப்பட்டேன். தம்பியின் நாக்கைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பார்த்திருந்தால் அந்தப் பகல் முழுக்க மாறனோடு பேசாமல் நடந்திருக்க மாட்டேன்.

இங்கே இரண்டு கயல்கள் இருக்கிறார்கள்: தவறியவள் ஒருத்தி, தவறை அறிந்தவள் இன்னொருத்தி. அதனால் சந்தேகத்தின் கூர்மை போய் குற்றவுணர்வின் கனம் வருகிறது. எது வேண்டும் என்பதே கேள்வி. ‘யார் குடித்தது’ என்று வாசகர் பதற வேண்டுமானால் இந்த முறை வேண்டாம். ‘அவனை ஏன் நம்பாமல் போனேன்’ என்பது வலிக்க வேண்டுமானால் இதைவிட நல்லது இல்லை.

மெக் ரோசாஃபின் ‘ஹவ் ஐ லிவ் நவ்’ (2004) நாவலில் நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்தின் கிராமப்புறத்துக்கு வரும் பதினைந்து வயது டெய்சி, போருக்குள் மாட்டிக்கொண்ட கதையைப் பின்னாளில் சொல்கிறாள். கடைசிப் பகுதி ஆறு ஆண்டு தாண்டி நிகழ்கிறது. அவள் பிழைத்தாள் என்பது நமக்குத் தெரிந்ததால் கதை தளர்வதில்லை. பயம் அவளை விட்டு அவள் நேசித்தவர்கள் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இந்த முறையை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: நாயகியின் உயிர் பணயமாக இருக்க முடியாது, வேறொருவரின் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

தமிழுக்கு இது இலகு. நமக்குக் கதை சொல்லும் காலமே இறந்தகாலம், ‘-ஏன்’ ஈறும் காதை உறுத்தாது. உலக விளக்கமும் எளிது, ஏனென்றால் சொல்பவள் எப்போதோ வெளியே வந்துவிட்டாள், அறியாதவர்களுக்குச் சொல்கிறாள்.

மறைவான செலவு ஒன்றே ஒன்று. ஆனால் பெரியது. ‘அப்போது எனக்குத் தெரியாது, ஆனால்…’ என்று அத்தியாயம் முடிக்கும் ஆசை. முதல்முறை வாசகர் நிமிர்ந்து உட்காருவார். நான்காம் முறை, தெரிந்தும் மறைக்கிறாளே என்று சலித்துக்கொள்வார். நாவல் முழுக்க இரண்டுக்கு மேல் வேண்டாம்.

## 3. நாட்குறிப்பு

> பன்னிரண்டாம் நாள். தண்ணீர்: முக்கால் லிட்டர் இருக்கும். நேற்றுப் போட்ட கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே. யார் என்று எழுத மாட்டேன். இந்த நோட்டை மாறன் படித்தாலும் படிப்பான்.

நாட்குறிப்பின் சிறப்பு அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. எழுதப்படாத சந்தேகம், எழுதியதைவிடப் பெரிதாகத் தெரியும். சூசன் பெத் ஃபெஃபரின் ‘லைஃப் ஆஸ் வி நியூ இட்’ (2006) நாவலில் விண்கல் மோதி நிலா பூமிக்கு அருகே வந்துவிடுகிறது. அதன்பின் பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுக்குள் குடும்பம் சுருங்கிச் சுருங்கி வாழ்வதை மிராண்டாவின் குறிப்புகள் சொல்கின்றன. யாருக்கு எவ்வளவு சாப்பாடு, அம்மா ஏன் குறைவாகச் சாப்பிடுகிறாள், பிழைப்பதற்கு வீட்டில் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கணக்குகளே அங்கே உணர்ச்சியாகின்றன. அதே பேரழிவை நியூயார்க் நகரத்தில் வைத்து அவர் எழுதிய அடுத்த நூல் (2008) படர்க்கையில் இருக்கிறது. ஒரே உலகம், ஒரே ஆசிரியர், இரு முறைகள். தேர்வில் குழம்புபவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது பத்துக் கட்டுரை படிப்பதற்குச் சமம்.

ராபர்ட் சி. ஓ’பிரையனின் ‘இசட் ஃபார் சக்கரையா’வில் அணுப்போருக்குப் பின் ஒரு பள்ளத்தாக்கில் தனியாக வாழும் ஆன், வந்துசேர்ந்த அந்நியனை ஒளிந்திருந்து பார்க்கிறாள். நச்சு ஓடையில் அவன் இறங்கிக் குளிக்கிறான். எச்சரித்தால் தான் இருப்பது தெரிந்துவிடும் என்று அவள் சும்மா இருக்கிறாள், அவன் நோயில் விழுகிறான். தயக்கத்துக்கு விலை என்றால் என்ன என்று காட்ட இதைவிட நேரான காட்சி கிடைக்காது.

செலவுகள்: ஓடிக்கொண்டே எழுத முடியாது. ஒவ்வொரு பதிவும் ஆபத்து நின்ற பிறகுதான் எழுதப்பட முடியும், ஆகவே துரத்தல் காட்சிகள் எல்லாம் ஒருபடி ஆறிப்போய்த்தான் வரும். காகிதம், எழுதுகோல், வெளிச்சம் எங்கிருந்து வந்தன என்று வாசகர் கேட்பார். அதற்குப் பதில் கதைக்குள் இருக்க வேண்டும். மெழுகுவர்த்தி தீரும் நாளில் பதிவும் குட்டையாக வேண்டும். இரண்டு பக்க உரையாடலை வரிக்கு வரி எந்தப் பெண்ணும் நாட்குறிப்பில் எழுத மாட்டாள். ‘மாறன் போகலாம் என்றான். நான் கூடாது என்றேன். தம்பி அழுதான்.’ அவ்வளவுதான்.

வீட்டுக்குள், பதுங்குகுழிக்குள், ஒரே இடத்தில் நெடுநாள் பிழைக்கும் கதைக்கு நாட்குறிப்பு. பயணக் கதைக்கு எடுக்காதீர்கள்.

## 4. அணுக்கப் படர்க்கை: ‘அவள் பார்த்தாள்’

> கயல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை. மூடி இறுகியிருந்தது. இவன்தான். வேற யாரு? மாறன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். தம்பி ஈரச் சட்டைக் கழுத்தைக் கடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பாவம், வேர்த்திருக்கு.

‘அவள்’ என்று எழுதினாலும் அவள் பார்ப்பதையும் நினைப்பதையும் மட்டுமே சொல்வதுதான் அணுக்கப் படர்க்கை. ஈரத்தை அவளும் பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம். அவள் அதை வியர்வை என்று எடுத்துக்கொள்கிறாள், நாம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது அளவுகோலுக்கு இந்த முறைதான் அதிகம் இடம் தருகிறது. தன்மையிலும் இதைச் செய்யலாம். பீட்டாவைக் காட்னிஸ் தப்பாகவே படிப்பதை வாசகர் அவளுக்கு முன்பே ஊகிக்கிறாரே. ஆனால் அங்கே ஒவ்வொரு தடயத்தையும் அவள் வாயாலேயே, அவளுக்கே தெரியாமல் சொல்லவைக்க வேண்டும். கை தேர்ந்தவர்களுக்கே அது வரும்.

தமிழுக்கு இந்த முறையில் ஒரு வரம் இருக்கிறது. மேலே உள்ள துணுக்கில் ‘என்று நினைத்தாள்’ எங்கும் இல்லை. ‘இவன்தான். வேற யாரு?’ என்பது அவள் மனம் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது, காரணம் அது பேச்சுத் தமிழ். விவரிப்பு எழுத்துத் தமிழில் போகிறது. ஆங்கில நூல்கள் மனக்குரலுக்குச் சாய்வெழுத்தை நாடும் இடத்தில் நம் மொழியின் இரட்டை வழக்கு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. கயலின் பேச்சும் சின்னச் சின்ன அளவில் வருவதால் எந்த வட்டாரம் என்ற கேள்வியும் பெரிதாகாது.

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘அக்லீஸ்’ (2005) இந்த முறையில் இருக்கிறது. பதினாறு வயதானால் எல்லாரையும் அறுவைசிகிச்சையால் அழகாக்கும் நகரம். தப்பியோடியவர்களின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுக்க நாயகி டாலியை அனுப்புகிறார்கள், கழுத்தில் ஒரு பதக்கத்தைக் கொடுத்து. அங்கே போனபின் அவள் மனம் மாறி, பதக்கத்தை நெருப்பில் எறிகிறாள். அதுவே தகவலை அனுப்பிவிடுகிறது. சந்தேகத்திலிருந்து விடுபட்ட நொடியில் அவள் எடுத்த நல்ல முடிவே எல்லாரையும் அழிக்கிறது. அவள் பக்கத்தில் நிற்கிறோம், அவளாகவே ஆகிவிடவில்லை. அதனால் அவளுக்காக இரங்கவும் முடிகிறது, அவள் மேல் கோபப்படவும் முடிகிறது.

என்ன தவறும்? இரண்டு பெண்கள் ஒரே காட்சியில் இருந்தால் ‘அவள்’ யார் என்று குழம்பும். பத்திக்கு ஒருமுறை பெயரைச் சொல்லிவிட வேண்டும். ‘தன்’னிலும் பள்ளம் உண்டு: ‘அவன் தன்னைக் காட்டிக்கொடுப்பான் என்று கயல் பயந்தாள்.’ யாரை? கயலையா, அவனையேவா? ஊகிக்கலாம், ஆனால் பதற்றமான காட்சியில் ஊகிக்கவைக்கக் கூடாது. இன்னொன்று, அவள் பார்க்காததை ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சொல்வது. ‘தம்பியின் சட்டை நனைந்திருந்ததைக் கயல் கவனிக்கவில்லை’ என்று எழுதினால் அவள் தோளை விட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஒருமுறை நகர்ந்தால் வாசகர் அதன்பின் அவளை முழுசாக நம்புவதில்லை.

## ஐந்தாவது வழி ஒன்று உண்டு

இரண்டு பேர் மாறி மாறிச் சொல்வது. மேரி லூவின் ‘லெஜண்ட்’ (2011) அப்படித்தான் போகிறது: அரசுக்காக வேட்டையாடும் ஜூன், வேட்டையாடப்படும் டே. இருவர் கையிலும் ஒரே உண்மையின் பாதி இருப்பதால் அங்கே அது பொருந்துகிறது. நாயகியின் சந்தேகம்தான் கதையின் உயிர் என்றால் நான் இதைத் தவிர்க்கச் சொல்வேன். மாறன் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை அடுத்த அத்தியாயத்தில் மாறனே சொல்லிவிட்டால் கயலின் சந்தேகத்தில் என்ன மிச்சம்? இரு குரல்களுக்கும் வேறுபாடு வைப்பதும் லேசில்லை. அத்தியாயத் தலைப்பிலுள்ள பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று ஐந்து வரிக்குள் தெரியாவிட்டால் ஒரு குரல் போதும்.

## ஒரே பார்வையில்

| முறை | சந்தேகத்தின் நெருக்கம் | தப்பாக நினைக்க இடம் | உயிர்ப்பயம் | உலக விளக்கம் | தமிழில் சிரமம் |
|---|---|---|---|---|---|
| தன்மை, நிகழ்காலம் | மிக அதிகம் | உண்டு, கடினம் | முழுசாக | கடினம் | அதிகம் |
| தன்மை, இறந்தகாலம் | நடுத்தரம், குற்றவுணர்வு மிகுதி | உண்டு, பின்னறிவோடு | நாயகிக்கு இல்லை | எளிது | குறைவு |
| நாட்குறிப்பு | எழுதாமல் விட்டதில் அதிகம் | உண்டு | பதிவுக்குப் பதிவு | நடுத்தரம் | குறைவு |
| அணுக்கப் படர்க்கை | அதிகம் | மிக அதிகம் | முழுசாக | எளிது | ‘அவள்’, ‘தன்’ குழப்பம் |

முதல் நாவல் எழுதுபவருக்கு என் பரிந்துரை அணுக்கப் படர்க்கை. தமிழ் அங்கே நமக்காக வேலை செய்கிறது, நிகழ்காலத் தன்மையில் நாம் தமிழோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நாயகியின் முகமே பொய்யாக இருக்கவேண்டிய கதை என்றால் மட்டும் மல்லுக்கட்டுங்கள், பலன் உண்டு.

## எந்த முறையானாலும் செய்ய வேண்டிய சோதனை

முதல் அத்தியாயத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், அது எல்லா முறையிலும் நன்றாகத்தான் வரும். நடுவில் வரும், நாயகி கூட்டாளி ஒருவரைச் சந்தேகிக்கும் காட்சியை எடுங்கள். அதை இரண்டு முறைகளில், தலா எண்ணூறு சொல்லில் எழுதுங்கள். இரண்டு நாள் கிடப்பில் போட்டுவிட்டு வண்ணப் பேனாவோடு உட்காருங்கள்.

சந்தேக வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ‘ஒருவேளை’, ‘-ஓ’, ‘-ஆ’, ‘போலிருந்தது’ எல்லாம் கணக்கில் சேரும். ‘ஒருவேளை அவன் பொய் சொல்கிறானோ?’ என்பதில் ‘ஒருவேளை’யும் ‘-ஓ’வும் ஒரே வேலையைச் செய்கின்றன. ‘பொய் சொல்றானோ?’ போதும். அடுத்து, ஒவ்வொரு அடிக்கோட்டுக்கும் பக்கத்தில் அதைத் தூண்டிய பொருள் என்ன என்று எழுதுங்கள்: கரிக்கோடு, இறுகிய மூடி, ஈரச் சட்டை. பொருள் எதுவும் இல்லாத அடிக்கோடு வெறும் கவலை, அதை எடுத்துவிடலாம். ஒரே சந்தேகம் மூன்றாம் முறை வந்தால் புதிய தடயத்தோடு வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் மூன்றாவதை வெட்டுங்கள்.

கடைசியாக, தயக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் எது குறைந்தது என்று தேடுங்கள். கயல் யோசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறியிருக்க வேண்டும், அல்லது மாறன் எழுந்து அவள் கையிலிருக்கும் பாட்டிலையும் அவள் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். எந்த வடிவத்தில் அந்தப் பார்வை இயல்பாக வந்து விழுந்ததோ அந்த வடிவத்திலேயே மூன்றாம் அத்தியாயத்தைத் தொடருங்கள்.